லிஸ்ப்காரனுக்குப் பெண் கிடைத்த கதை

கம்ப்யூட்டர் தொழிலில் மனசுக்குப் பிடித்த மொழி ஒன்று, சோறு போடும் மொழி வேறு. லிஸ்ப் மாதிரி யாரும் சீந்தாத மொழியில் மனசைப் பறிகொடுத்துவிட்டு, ஊரெல்லாம் ஜாவா கேட்கும்போது முழிக்கிற சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

இன்டர்வியூ

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி. மேனேஜர் பிஜு சார் எல்லையோரத்துப் பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். லிஸ்ப்பில் நான் செய்ததையெல்லாம் ஆசை ஆசையாக விளக்கினேன். மனுஷர் டீயைக் குடித்து முடித்து, பிஸ்கட்டையும் தீர்த்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் நல்ல ரசமா இருக்கு. ஜாவா அறியாமோ?"

வலியசாலை விசாரணை

தெரியும் என்றேன், வேலை கிடைத்தது. ஆனால் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் பெர்மனென்ட். எனக்கும், அதே ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வலியசாலைத் தெரு மீனாவுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அவள் அப்பா என் கோத்திரத்தை விசாரித்த கையோடு நான் மனசைப் பறிகொடுத்த மொழியையும் தெருவில் விசாரித்திருக்கிறார். நேரில் போனபோது முகம் கொடுத்தே பேசவில்லை. "நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் ஐ.டி.ல இருக்கான். லிஸ்ப்னா ஒருத்தனுக்கும் தெரியலையேப்பா. முதல்ல வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் நாள் பார்க்கலாம்."

மாட்டிக்கொண்டேன்

ஜாவா இருக்கிறதே, ஒரு சின்ன விஷயத்துக்குப் பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்லும். பொறுக்கவில்லை. லிஸ்ப்பில் ஒரு புரோகிராம் எழுதினேன். நான் நாலு வரி தட்டினால் போதும், அது ஜாவாவை மளமளவென்று கக்கிவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபீஸில் எனக்கு ஏகப்பட்ட நல்ல பெயர்.

ஆறாவது மாதம், எல்லா ஃபைலிலும் ஒரு மாற்றம் செய்யச் சொல்லிவிட்டு பிஜு சார் சாப்பிடப் போனார். கொஞ்சம் ஆறப்போட்டிருக்கலாம், புத்தி போகவில்லை. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் தயார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஒண்ணு என் முன்னால அடிச்சுக் காட்டு" என்றார். வேலையும் போச்சு, மீனாவும் போச்சு என்று நினைத்து உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மோனே, இந்த வேலைக்கு ஆறு பேர் வேணும்னு கிளையன்ட்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ ஒருத்தனே முடிச்சா மத்தவங்க எங்க போவாங்க? உன்னைப் பெர்மனென்ட் ஆக்கறேன். இனிமே கையால, மெள்ள எழுதணும், கேட்டோ."

ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் முழுக்க இழுக்கக் கற்றுக்கொண்டதால்தான் இன்று நான் வலியசாலை மாப்பிள்ளை.