நாலு மணி நிழல்

என் தங்கை புருஷனுக்கு கிரேன் ஓட்டுகிற வேலை. எங்கள் தெருவின் எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு நூலகம் எழும்புகிறது. அதன் நடுவில் நிற்கும் மஞ்சள் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் முதுகுப் பையில். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. கல்யாணத்தன்றுகூட நான் "சிரிங்க மாப்ள" என்று பத்துத் தடவை சொன்ன பிறகுதான் பல் தெரிந்தது.

நான் ஸ்டுடியோக்காரன். இருபத்திரண்டு வருடமாக இதே தெருவில் கடை. கேமரா மூன்று, விளக்கு ஆறு. மாப்பிள்ளையிடம் இருப்பதோ மூலையில் விரிசல் விட்ட ஒரு செல்போன். எங்கள் இரண்டு பேரில் படம் எடுக்கிறவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கீழே ஆட்கள் கம்பியைக் கட்டிக் கையசைக்கும்வரை மேலே அவருக்குச் சும்மா இருக்கிற நேரம். அப்போது கூண்டின் தரைக்கண்ணாடி வழியே செல்போனை நேராகக் கீழே காட்டி ஒரு படம் எடுப்பார். தண்ணீர்த் தொட்டிகள் சதுரமாக இருக்கும். அடுக்கிய குழாய்களின் வாய்கள் வட்டம் வட்டமாக. சாய்த்து வைத்த ஏணியும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு முக்கோணம். மனிதர்கள் வெறும் புள்ளிகள். அவர்களின் நிழலுக்குத்தான் கை, கால் எல்லாம். தங்கை அந்தப் படங்களைக் காட்டியபோது "பரவாயில்ல" என்றேன். உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது. நான் ஒரு நாளும் அப்படி எடுத்ததில்லை. எடுக்கத் தோன்றியதுகூட இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. தினமும் நாலு மணிக்குக் கடையை விட்டுத் தெருவில் இறங்கி, வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கூண்டை அண்ணாந்து பார்ப்பேன். இந்நேரம் எதை எடுத்துத் தொலைக்கிறானோ என்று இருக்கும். மனசுக்குள் மரியாதையெல்லாம் கிடையாது.

நூலகத்தின் முன்கூடத்தில் ஊர்ப் படம் ஒன்றை ஆளுயரத்துக்கு மாட்டப்போவதாகச் செய்தி வந்தது. என் ஏரிப் படத்தைக் கொடுத்தேன். அந்தச் சுவரில் மனசாலேயே ஆணியும் அடித்துவிட்டேன். நாலு நாள் கழித்து மாப்பிள்ளை கடைக்கு வந்தார்.

"மச்சான், இன்ஜினியர் என் படத்தைப் பாத்துட்டாரு. முன்கூடத்துல மாட்ட இத பெருசா போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கச் சொல்றாரு. நீங்கதான் போட்டுத் தரணும்."

"அதுக்கென்ன மாப்ள, அனுப்புங்க."

நிழலை ஒழிப்பதுதான் என் தொழில். காதுக்குப் பின்னால் துளி நிழல் விழுந்தாலும் பாஸ்போர்ட் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாராவது கேட்டால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்கிற தைரியத்தில், கணினி முன்னால் உட்கார்ந்து அவர் படத்தின் நிழல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஏணி நிழல் போனது. தொட்டி நிழல் போனது. ஓரத்தில் தெருவில் விழுந்திருந்த ஏதோ ஒரு நீள நிழலும் போனது. எது யாருடையது என்று பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. முடித்தபோது படம் சப்பென்று, கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், சீட்டியடித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பிரிண்டை வாங்கினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிழல் இருந்தா படம் அழுக்கா தெரியும் மாப்ள. அதான் எடுத்துட்டேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." படத்தில் கிரேன் கொக்கியில் இருந்த கம்பிக் கட்டின் மேல் விரலை வைத்தார். "மேலருந்து பாத்தா எது எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னே தெரியாது மச்சான். கட்டும் அதோட நிழலும் கிட்டக் கிட்ட வந்து ஒண்ணு சேந்தாத்தான் தரையத் தொட்டுச்சுன்னு அர்த்தம். மேகம் மூடுன அன்னிக்குப் பயந்து பயந்துதான் எறக்குவேன்."

அவர் விரல் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"ஆனா இங்க உங்களக் காணோமே?"

"என்னையா?"

"தினம் நாலு மணிக்குத் தெருவுல வந்து நின்னு பாப்பீங்கல்ல, நான் மேல பத்திரமா இருக்கேனான்னு? தலை பொட்டாத்தான் தெரியும். ஆனா நெத்தில கைய வெச்சுக்கிட்டு நிக்கிற நிழல் கடை வாசல் வரைக்கும் நீளும். அதுக்காகத்தான் மச்சான் இந்தப் படத்தையே எடுத்தேன். எங்க அப்பாகூட என்னை அப்படிப் பாத்ததில்ல."

குனிந்து பார்த்தேன். தெருவோரத்தில் என் வழுக்கைத் தலை மட்டும், அறுந்து விழுந்த பட்டன் போலக் கிடந்தது. கை இல்லை, கால் இல்லை. அழித்தது நானே.

"கலர் சரியா வரல மாப்ள," என்று பிரிண்டைப் பிடுங்கிக்கொண்டேன். "காலைல வேற போட்டுத் தர்றேன்."

போட்டுக் கொடுத்தேன், எல்லா நிழலோடும். சுவர் அவருக்குத்தான் போனது. என் ஏரி சுருட்டிய காகிதமாகத் திரும்பி வந்தது. தங்கை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு இன்னும் எரிகிறது, குறையவே இல்லை.

இப்போதும் நாலு மணி ஆனால் தெருவில் இறங்கி நிற்கிறேன். பொறாமைதான், வேறொன்றுமில்லை. ஆனால் மேலே இருந்து பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் ஒரு நாளும் தவறுவதில்லை.