குழாய்க்கு வெளியே பூசிய கரி

என்னோடு பள்ளியில் படித்த பியூலா டெல்லியில் படித்தது அறிவியலும் சமூகமும் என்ற ஆய்வுப் படிப்பு. 1989இல் பட்டத்தோடு பாளையம்பட்டிக்குத் திரும்பினாள். கல்லூரிகளில் வேலை கேட்டுப் போனபோது இயற்பியல்காரர்கள் அதில் இயற்பியல் இல்லை என்றார்கள். சமூகவியல்காரர்கள் சமூகவியல் இல்லை என்றார்கள். அதைக் கண்டுபிடிக்க அந்த மேதைகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டு இன்பராணி மட்டும் நேராகக் கேட்டாள்.

"ஏட்டி, படிச்சு முடிச்சா டீச்சரா, டாக்டரா?"

"ரெண்டும் இல்லக்கா."

"பொறவு எதுக்கு அம்புட்டு தூரம் ரயிலேறிப் போன?"

ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் அவளைச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதம் தற்காலிகம். அறிக்கை பிடித்திருந்தால் நிரந்தரம். கூடப் படித்த சுஜினுக்கும் அதே ஏற்பாடுதான். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் அரசுப் பணத்தில் நிறுவனம் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்புகளில் எத்தனை எரிகின்றன என்று ஆளுக்கொரு ஊரில் எண்ண வேண்டும். புகைக்குழாயில் கரி இருந்தால் எரிகிறது என்று அர்த்தம். வாழ்நாளில் அடுப்பு மூட்டாத இயக்குநர் வகுத்த விதி அது.

பியூலாவுக்குக் கிடைத்த ஊரில் நூற்று நாற்பது அடுப்புகள். எந்தக் குழாயைப் பார்த்தாலும் கன்னங்கரேல் என்று இருந்தது. அவளும் நாற்பது வீடுவரை சந்தோஷமாகக் குறித்துக்கொண்டே போனாள். மூக்கம்மாள் வீட்டில் குழாயைப் பிடித்ததும் உள்ளங்கை முழுக்கக் கரி ஒட்டியது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். சிமெண்டு கரி படாமல் புதுசாக இருந்தது. அடுப்புக்குள் ஒரு கோழி.

"என்னக்கா இது?"

"அடையில இருக்கு தாயி, கைய விடாத, கொத்தும்."

"அப்ப குழாய்ல கரி?"

"நீங்க கரியத்தான எண்ணுவீக? நேத்தே சோத்துப்பானைக் கரிய வழிச்சு ஊரே பூசிருச்சு." மூக்கம்மாள் சிரித்தாள். "இந்த அடுப்புக்குச் சாண் சாணா வெறகு வெட்டணுமாம்ல? நான் நாள் பூராம் களையெடுத்துட்டு வந்து முள்ளு வெறக வெட்டிக்கிட்டு இருக்கவா? முழுசா வச்சுத் தள்ளித் தள்ளி எரிச்சுக்கிருவேன். இதுக்கு வாயி பத்தல."

மற்ற வீடுகளிலும் குழாய்க்குள் கையை விட்டாள். எரிந்தவை ஒன்பது. கிளம்பும்போது மூக்கம்மாள் வழிமறித்தாள்.

"எரியுதுன்னே எழுதிரு தாயி. இல்லேன்னா அடுத்த திட்டத்துல எங்க ஊர விட்டுருவாக."

அறிக்கை மேலே போனாலும் ஊர் மாட்டாதபடி பியூலா ஊர்ப் பெயரைப் போடவில்லை. ஒன்பது என்று எழுதினாள்; அடுப்பின் வாய் சீமைக்கருவேல் விறகுக்குத் தோதாக இல்லை என்பதையும் வரைந்து காட்டினாள். ஐந்து வருடப் படிப்பு முதல்முறையாக ஏதோ ஒன்றுக்கு உதவியது.

இயக்குநர் அறிக்கையை மேசையில் போட்டார்.

"உங்கள எண்ணச் சொன்னேனா, அடுப்புக்குள்ள கைய விடச் சொன்னேனா?"

"உள்ள பாக்காம எப்படி சார் எண்றது?"

"சுஜின் எண்ணிட்டு வரலயா? அவர் ஊர்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

சுஜின் நிரந்தரமானான். இப்போது டெல்லியில் கிராமத் தொழில்நுட்பத்துக்கு ஆலோசகர். அந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களிடம் அவனைத்தான் காட்டுகிறார்கள்.

பல ஊர் சுற்றிவிட்டு 96இல் நான் பாளையம்பட்டிக்குத் திரும்பி வந்தபோது பியூலா தேர்வு எழுதி ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராகியிருந்தாள். வருடாவருடம் அடுப்புக் கணக்குப் படிவம் அவள் மேசைக்குத்தான் வருகிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறாள். 'எரிபவை' என்ற ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு மேலே அனுப்புகிறாள்.

"ஏன் நெரப்பலன்னு யாரும் கேக்கலயா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? அவுகளே போட்டுக்கிருவாக."