பார்க்காமல் சொன்ன எட்டு

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எண்கள் அப்படியில்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருபது வருஷத்துக்கு மேல் தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். மூட்டை ஏறியதும் எடையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து அகரம் கிராமத்திலிருந்து மல்லிகை கொண்டுவருகிறவரும் வாங்குகிறவரும் தராசைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

முழங்கால் வலி என்று சொல்லி அந்த வேலையை விட்டேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. தராசில் சிவப்பாக எரியும் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்திருந்தன. கடைசி மாதங்களில் மூட்டையின் பருமனைப் பார்த்தே எடையை ஒப்பேற்றினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று நோயாளியின் வீட்டார் போனில் தேடுவதற்கு ஓர் இணையதளம். அதை நடத்தும் சர்வர்கள் சென்னையில் ஓரிடத்திலும் மும்பையில் ஓரிடத்திலும் இருக்கின்றன. ஜனங்கள் தளத்தின் பெயரை அடித்தால், எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் விலாசம் கொடுக்கும். டி.என்.எஸ். என்பாள். விலாசம் என்றால் தெருப்பெயர் இல்லை, வெறும் எண்கள். அந்தப் பட்டியலில் விலாசத்தை மாற்றினால் கூட்டம் முழுவதும் அடுத்த ஊருக்குத் திரும்பிவிடும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

சென்னையில் வெள்ளம் வந்த அன்று, மத்தியானம் மாடி அறையிலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“அத்தே, செத்த நேரம் மேல வாங்க.”

“ரசத்தத் தாளிச்சுட்டு வாரேன்.”

“ரசம் கெடக்கட்டும். வாங்க அத்தே!”

மேலே போனேன். அவளோடு வேலை பார்க்கிறவர் சென்னையிலிருந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். சர்வர் இருக்கும் கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறுகிறதாம். ஜெனரேட்டர் அரைமணி நேரம் தாங்கினால் அதிகம். மும்பையில் புதிதாகத் தயார் செய்திருந்த சர்வரின் விலாசத்தை அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, இவள் நோட்டில் எழுதினாள். கடைசியில் “ஆறு, எட்டு” என்றார். அத்தோடு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அவர்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திரையைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாற்றலாம். வாசிக்க வேண்டியவர் லைனில் இல்லை.

“நீங்கதான் நம்பர்ல புலியாச்சே. ஸ்கிரீன்ல இருக்குறத அப்படியே படிங்க. நான் நோட்டப் பாத்து டிக் அடிக்கிறேன்.”

“ஒங்க அம்மாவக் கூப்ட்டிருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பாக” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தத் திமிர்.

“எங்கம்மாவ அப்பறம் வையலாம். படிங்க.”

படித்தேன். கடைசிக்கு முந்தின ஆறு தெரிந்தது. அதற்கடுத்தது மூன்றா எட்டா, புகை மூட்டமாக இருந்தது. கண்ணை இடுக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். போனில் கேட்டது காதிலேயே இருந்தது. “எட்டு” என்றேன். டிக் அடித்தாள். பட்டனை அமுக்கினாள்.

எந்த ஊர் சர்வருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் இரண்டு கோடுகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. சென்னைக் கோடு இறங்க வேண்டும், மும்பைக் கோடு ஏற வேண்டும். சென்னைக் கோடு இறங்கியது. மும்பைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

“அஞ்சு நிமிசம் ஆகும் அத்தே. வாங்குன விலாசத்த ஒவ்வொருத்தர் போனும் அஞ்சு நிமிசம் ஞாபகம் வச்சிருக்கும். அப்பறந்தான் திருப்பிக் கேக்கும்.”

மூன்று நிமிஷம் ஆயிற்று. இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள்? என் மகளின் பிரசவத்தில் ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஓடியிருக்கிறேன். அப்படி இப்போது எவளோ ஒருத்தி போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். அதில் ஒன்றும் வராது. சொன்னால் என் மானம் போகும். சொல்லாமல் இருந்தால் அவள் அந்த வராந்தாவிலேயே நிற்பாள்.

“ஏத்தா, அந்தக் கடேசி நம்பர நான் பாக்கல.”

“படிச்சீங்களே?”

“போன்ல கேட்டதச் சொன்னேன். எனக்கு மூணும் எட்டும் தெரியாது. ரெண்டு வருசமாச்சு.”

அவள் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். அவசரத்தில் மூன்று என்று அடித்திருந்தாள். எண்ணை மாற்றி, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினாள்.

“இப்பப் படிங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க.”

“எட்டு. இது பாத்த எட்டு.”

அமுக்கினாள்.

“தப்பான விலாசத்த வாங்கிட்டுப் போனவுகளத் திருப்பிக் கூப்புட முடியாதா?”

“முடியாது அத்தே. அவுக போனே அத மறந்துட்டுத் திருப்பிக் கேட்டாத்தான்.”

அந்த ஐந்து நிமிஷமும் சுவர்க் கடிகாரத்தின் முள்ளையே பார்த்திருந்தேன். முதலில் மும்பைக் கோடு நூலளவு நிமிர்ந்தது. பிறகு ஏறியது. சென்னைக் கோடு முழுதாக அணைந்தபோது மும்பைக் கோடு உயரத்தில் நின்றது. மருமகள் நாற்காலியில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. நடுவில் தப்பான விலாசத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று, இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் நடந்ததை எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

“நானே சரியாப் பாக்கலேன்னு எழுதிர்றேன் அத்தே.”

“வேணாம். மாமியாளுக்குக் கண்ணு தெரியல, தெரியுதுன்னு பொய் சொன்னான்னு எழுது.”

“ஆபீசுக்கு எழுதுறதுல பொய்யின்னெல்லாம் எழுத மாட்டாக அத்தே.”

“அப்பக் கண்ணு தெரியலேன்னாவது எழுது.”

அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சுவரில் எண்கள் வரிவரியாக இருந்தன. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் மூன்றாவது வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்தார். கேட்டதுமே ஐந்து எண்களும் எனக்கு மனப்பாடம். நர்ஸ் அதே வரியில் குச்சியை வைத்தாள். எண்கள் நாக்கு நுனிவரை வந்தன. தரையோடு கிடந்த மும்பைக் கோடு நினைவுக்கு வந்தது.

“தெரியல தாயி” என்றேன்.

“அதுக்கு மேல் வரி?”

“அதுவுந் தெரியல.”