பாஸ்டரின் குரலில் ஒரு கிட்டார்

லூஷியஸ் காடிக்கு மனிதர்களைப் பிடிக்காது. செத்துப்போய்விட்டான் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல முடியாது. அடக்கத்தன்று யாரோ ஒருவர், "எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்" என்று பேசினார். காதில் விழுந்திருந்தால் அவன் பெட்டிக்குள்ளேயே குப்புறத் திரும்பிப் படுத்திருப்பான்.

ஃப்ளோரிடாவின் நடுப்பகுதியில், ஆரஞ்சுச் சாறு பிழியும் ஆலை ஒன்றில் அவன் மெக்கானிக். வாரம் முழுக்க பெல்ட்டும் பேரிங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், மேடைக்கு இடப்புறம் உட்கார்ந்து, எட்டுக் கம்பி ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்தி வாசிப்பான். அந்தச் சபையில் ஆர்கன் கிடையாது. பாஸ்டர் ஒரு வாக்கியம் சொன்னால் கிட்டார் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். சபை ஆமென் என்று முடித்துவைக்கும். பரிசுத்த ஆவி இறங்கி ஜனங்கள் ஆட ஆரம்பித்துவிட்டால், ஆடுகிற கடைசி ஆள் உட்காரும்வரை கிட்டார் நிற்கக் கூடாது. நிறுத்தியவனை அந்த ஊர் கண்டதில்லை.

மற்றவர்கள் வழவழப்பான இரும்புத் துண்டைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிப்பார்கள். லூஷியஸ் போல்ட் திருகும் கனத்த இரும்பு சாக்கெட் ஒன்றை ஆலையிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்தான். அதைச் சாய்த்து விளிம்பால் தொட்டால் கம்பி மூக்கால் பேசும். மீட்ட வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு சாக்கெட்டுக்குப் பின்புறம் மீட்டினால் மூச்சு இரைக்கும். தடித்த கம்பியை நகத்தால் சுரண்டினால் தொண்டை செருமும். அது அதிரும்போதே முறுக்காணியைத் தளர்த்தினால், வயிறு முட்டத் தின்றவனின் முனகல் வரும். சுண்டுவிரலால் கிட்டாரின் ஒலிக் குமிழைத் திருகித் திருகி, வாய் திறந்து மூடுவதுபோலவே செய்துவிடுவான்.

இதையெல்லாம் பக்தி முற்றிப்போய் அவன் கண்டுபிடிக்கவில்லை. பாஸ்டர் ஹார்வெலை நையாண்டி செய்யக் கண்டுபிடித்தான். பாஸ்டருக்கு மூக்கால் பேசும் பெரிய குரல். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் "ஹா" என்று ஒரு மூச்சு. குரலைத் தவிர அந்த ஆளிடம் சரக்கு ஒன்றும் கிடையாது என்பது லூஷியஸின் தீர்ப்பு. அதனால் அந்த மூக்கையும் செருமலையும் "ஹா"வையும் அப்படியே கம்பியில் இறக்கி, அவருக்கே திருப்பிக் கொடுத்தான். சபை எழுந்து ஆடியது. பாஸ்டர் பூரித்துப்போனார். கண்ணெதிரே ஒருவன் பழிப்புக் காட்டுகிறான், அதற்கு இவர்கள் கைகளை உயர்த்திக் கண்ணீர் விடுகிறார்கள்.

வெள்ளை உடையில் முன்வரிசையில் உட்காரும், சபையின் மூத்த பெண்மணி மதர் யூலா ஒருநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர் காடி, ஒங்க வெரல்ல ஆவியானவரு உக்காந்துருக்காரு."

"எடமில்லையே மதர். பூரா கொப்புளமால்ல இருக்கு."

அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்.

ஒரு வருடம் மே மாதம் அவனுடைய அண்ணன் ராஸ்கோ செத்துப்போனான். ராஸ்கோவும் ஸ்டீல் கிட்டார்தான். ஆனால் ஏரிக்கரைச் சாராயக் கடையில் வாசித்தவன். அவன் மனைவி ஸெனோபியா சபையில் வைத்து அடக்க ஆராதனை நடத்தக் கேட்டாள். பாஸ்டர் மறுத்துவிட்டார். சவ வண்டி நிறுத்தும் கொட்டகையில், பழைய டயர்களுக்கு நடுவே பெட்டியை வைத்து, நாலு பேர் பாடி எடுத்துப்போனார்கள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் பேர் சொல்லாமல் பிரசங்கத்தில் சொன்னார்: "உயிரோட இருக்கையில வாசல மிதிக்காதவனுக்கு, செத்தப்புறம் மட்டும் என்ன வாசல்? ஹா."

சபை முழுக்க "ஆமென்" என்றது. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆமெனுக்கு அடியில் ஒரு கிட்டார் ஒலியும் விழுந்தது. பழக்க தோஷத்தில் லூஷியஸின் கையே அதை வாசித்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவன் பொரித்த மீனைத் தொடவில்லை. ஆலை பெல்ட்கூட யாராவது சுவிட்சைப் போட்டால்தான் ஓடும், தனக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை என்று நினைத்தான். அதுவரை ஊரை மட்டும் கேவலமாக நினைத்துவந்தவன், அன்று தன் இரண்டு கைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அந்த ஆமெனைத் திரும்ப வாங்க வேண்டும். தன் கையிலிருந்தும், அவர்கள் வாயிலிருந்தும்.

ஆகஸ்டில் வருடாந்தரக் கூடுகைக்கு பிஷப் வருவதாக இருந்தது. லூஷியஸ் ஸெனோபியா வீட்டுக்குப் போனான்.

"அண்ணி, ஞாயித்துக்கெழம சபைக்கு வாங்க. பின்னால உக்காந்தாப் போதும்."

"எதுக்கு? ஒங்க பாஸ்டர் மூஞ்சியப் பாக்கவா? எங்க வீட்டு நாயி அதவிட லட்சணமா இருக்கு."

"மூஞ்சியப் பாக்க வேணாம். காதக் குடுத்தாப் போதும்."

"நீ எந்தக் காலத்துலப்பா நல்ல சேதி சொல்லியிருக்க?" என்றாள். ஆனால் வந்தாள்.

புழுக்கத்தில் கைகளில் அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. பிஷப் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் ஹார்வெல் குரலை உச்சத்துக்கு ஏற்றி, மூச்சு வாங்க நிறுத்தினார். லூஷியஸ் சாக்கெட்டைச் சாய்த்தான். கம்பி மூக்கால் பேசியது. உயிரோட இருக்கையில என்று ஏறி, வாசல மிதிக்காதவனுக்கு என்று இறங்கி, என்ன வாசல் என்று கேட்டு, கடைசியில் ஹா.

"ஆமென்!" என்றது சபை. என்னத்துக்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாஸ்டர் சிரித்தார். டிரம் வேகமெடுத்தது. ஜனங்கள் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த நடைபாதையில் இறங்கி ஆட ஆரம்பித்தார்கள்.

லூஷியஸ் சாக்கெட்டைத் தூக்கிவிட்டான்.

டிரம் கொஞ்ச தூரம் தனியாக ஓடித் தடுக்கி நின்றது. தூக்கிய கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆட்கள் நின்றார்கள். அந்த நிசப்தத்தில் அதே வாக்கியத்தை மறுபடி வாசித்தான், மெதுவாக, ஒரே கம்பியில். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் வந்தது. மதர் யூலா பாதி சொல்லி, வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது ராஸ்கோவச் சொன்னதில்ல?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டார். கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

பாஸ்டரின் சிரிப்பு போய்விட்டது. "பிரதர் காடி, ஜனங்க நிக்கிறாங்க. வேகமா வாசிங்க."

"நான் எங்க வாசிக்கிறேன் பாஸ்டர்? நீங்கதான பேசிக்கிட்டிருக்கீங்க."

திரும்பவும் வாசித்தான். செருமல், மூக்கு, என்ன வாசல், ஹா. பிறகு ஆமெனுக்கு இடம் விட்டுக் காத்திருந்தான். அவனுடைய வலது கை தானாகக் கம்பியை நோக்கி இறங்கியது. அதை விரித்து, அத்தனை கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆமென் வரவில்லை. குனிந்து தத்தம் விசிறிகளில் அச்சிட்டிருந்ததைப் படித்தார்கள்.

பிஷப் பாஸ்டர் பக்கம் திரும்பினார். "யாரு ராஸ்கோ?"

பாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எம் புருஷன்," என்றாள் ஸெனோபியா பின்வரிசையிலிருந்து. "டயருக்கு நடுவுல வச்சு அனுப்பினோம்."

பிஷப் அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று சபை எதிர்பார்த்தது. "தலை குனிந்து ஜெபிப்போம்," என்றார். நீதி கேட்டு நிற்பவர்களுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ள இதைவிட வசதியான வழி பிஷப்புகளுக்குத் தெரியாது.

எல்லாத் தலைகளும் குனிந்தன. லூஷியஸ் குனியவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடி, நடைபாதை வழியாக நேராக நடந்து, அண்ணியின் வரிசையருகே நின்றான்.

"முடிஞ்சுதா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமல்.

"எனக்கு முடிஞ்சுது. அவுங்களுக்கு இன்னும் ஜெபம் ஓடுது."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.