சத்தியம் செய்யாதவள்

விடுதியில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். காதில் விழுந்தது வயிற்றில் தங்காது. தோழிகள் ரகசியமாக வாங்கி ஒளித்து வைத்த கேக்கைப் பற்றிப் பிறந்தநாள்காரியிடமே உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவள்.

அப்படிப்பட்டவள்தான், மாணவர் துணைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். மனம் ஒடிந்து கிடக்கும் மாணவர்களுக்குக் காதுகொடுக்க மாணவர்களையே பழக்கும் குழு அது. முந்தைய ஆண்டு ஒரு மாணவனைத் தற்கொலையில் பறிகொடுத்த பிறகு கல்லூரி அதைத் தொடங்கியது.

"பூனையப் பாலுக்குக் காவல் வச்ச மாதிரிதான்" என்று சிரித்தாள் அறைத்தோழி. அவள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர், எல்லோருக்கும் கோலி.

சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் பயிற்சி. மனநல ஆலோசகர் மேடம் சொன்னார்: "கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க. அப்படி வராது. நேரா கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கங்க."

முதலாவது ஓட்டைவாய்க்கு அல்வா சாப்பிடுவது போல. இரண்டாவதுதான் பெரும்பாடு. வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். ஆனாலும் கால் தரையில் பாவவில்லை. யாரோ ஒரு முதலாண்டுப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்ததை அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. தன்னாலும் முடிகிறதே என்று அவளுக்கே தாளாத பூரிப்பு.

ஒரு மதியம் அறைக்கு வந்தால், கோலி அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். கையுறைகளை ஜூனியருக்குக் கொடுத்தாயிற்று. "இந்தப் போர்வைய நீயே வச்சுக்கடி. எனக்கு வேணாம்" என்றாள், முகம் பார்க்காமல்.

முழங்கால் அடிபட்டதிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பரீட்சையிலும் தோற்றிருந்தாள். "எல்லாருக்கும் பாரம்" என்று இரண்டொரு தரம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஓட்டைவாய் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோலி, செத்துடலாம்னு தோணுதாடி?"

ஓட்டைவாய் தொடையைக் கிள்ளிக்கொண்டு காத்திருந்தாள்.

"ம்" என்றாள் கோலி. பிறகு மடை திறந்தது. காலும் பரீட்சையும் மட்டுமல்ல. காலையில் கண் விழிப்பதே தண்டனையாக இருக்கிறதாம். ஓட்டைவாய் புத்தி சொல்லவில்லை. கையை மட்டும் விடவில்லை.

கடைசியில் கோலி கேட்டாள்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உன்கிட்ட மட்டுந்தான் சொல்லிருக்கேன்."

தன்னை நம்பி ஒருத்தி இப்படிக் கேட்க மாட்டாளா என்று ஏங்கியவள் ஓட்டைவாய். உதடு வரை வந்த சத்தியத்தை விழுங்கினாள்.

"வேற என்ன வேணா கேளு. இத மட்டும் நான் சொல்லியே தீருவேன். உன்னக் கூட்டிட்டுப் போய், உன் எதிர்லயே சொல்றேன்."

"உன்னப் போய் நம்பினேன் பாரு." கோலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"திட்டு, நல்லா திட்டு. திட்டிக்கிட்டே நட."

கோலிக்கு அழுகையினூடே சிரிப்பு பீறிட்டது. இருவரும் அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மைதானத்தைக் கடந்து மேடத்தின் அறைக்குப் போனார்கள். மேடம் கதவைத் திறந்ததும், கோலியின் கையை விடாமலே ஓட்டைவாய் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் போன் செய்ய, மாலைக்குள் கோலியின் அக்கா வந்துவிட்டாள். அப்படியே மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

வீட்டிலிருந்தபடி சிகிச்சை தொடர்ந்தது. கோலி போனை எடுக்கவே இல்லை. ஓட்டைவாய்க்குச் சோறு இறங்கவில்லை. மேடமே கூப்பிட்டு, "இப்ப உன் முறை. நீ பேசு, நான் கேக்கறேன்" என்றார்.

ஒருநாள் வகுப்பு நடுவே போன் அதிர்ந்தது. வெளியே பாய்ந்தாள்.

"கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றது கோலியின் குரல். "ஆனா இன்னைக்கு சுட்ட தோசை ருசியா இருந்துச்சு. திங்கக்கிழமை வர்றேன்."

ஓட்டைவாய் வராந்தாவில் குதித்த குதியில் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "வர்றா சார்" என்றாள். யார், எங்கே என்று அவர் கேட்பதற்குள் ஓடிவிட்டாள்.

கோலி வந்தாள். மாத்திரை தொடர்ந்தது, சில நாள் எழவே சிரமப்பட்டாள், சில நாள் மைதானத்தைச் சுற்றி வந்தாள். அடுத்த ஆண்டுப் பயிற்சி தொடங்கிய சனிக்கிழமை, ஒரு வரிசை நிரம்பினால் போதும் என்றிருந்த குழுவினருக்கு மூச்சுமுட்டியது. நாற்காலி பற்றாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் பிள்ளைகள். பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்தார்கள்.

"நான் ரெண்டு வார்த்த சொல்லட்டுமா?" என்று கோலி மேடத்திடம் கேட்டு, எழுந்து நின்றாள். வாசலில் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஓட்டைவாய், அதைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.