அறை வாங்கிய பேய்

இதை நான் கதையாக எழுதவில்லை. கதை கட்டத் தெரிந்திருந்தால் முடிவையாவது மாற்றியிருப்பேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அண்ணன் ஒரு பேய்க் காமெடிப் படம் எடுத்தான். அதற்கு நான்தான் ஒலிப்பதிவு. வெளியாள் வைக்க வசதியில்லை. இந்தப் படம் ஓடாவிட்டால் அண்ணன் தன் மாமனாரின் பெயிண்ட் கடையில் போய் உட்கார வேண்டும், இனி ஆயுசுக்கும் கேமராவைத் தொடக்கூடாது என்பது வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். பெயிண்ட் வாசனை என்றாலே அவனுக்குக் குமட்டும். அதனால் அந்தப் படத்தை உயிரைப் பிடித்துக்கொள்வது மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் அதே காலி வீடு, அதே விக். தானாக ஆடும் நாற்காலியில் நூல் பளபளக்கும். கதை எங்கே போகிறது என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. இருந்தும் எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்க அலுத்துப்போனவர்கள், இருட்டில் பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளின் கையைப் பயத்தில் பிடித்துவிட்டு, அடுத்த நொடி அதற்காகவே சிரிப்பார்கள். பெரிய படங்களில் அது கிடைக்காது.

ஒன்று மட்டும் உறுத்தும். அந்தப் பேய் எப்போதும் யாரோ கொன்ற ஒரு பெண்ணாகவே இருப்பாள். செத்த பிறகும் அவளுக்குத்தான் அடி விழும். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

எங்கள் படத்துக்கான வீடு ஒரு தெருவின் கடைசியில் கிடைத்தது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த மாடி வீடு. சொந்தக்காரர் எங்கேயோ தூரத்தில் இருந்தார். போனில் கேட்டதும் சரி என்றார், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணன் அதிர்ஷ்டம் என்றான்.

இரவில் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, பட்டப்பகலில் ராத்திரியை எடுத்தோம். பேய்க்கென்று தனி ஆளும் கிடையாது. ஒரு வெள்ளை கவுன், இடுப்புவரை தொங்கும் ஒரு விக். முகத்தை முடி மறைத்துவிடும். அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் அண்ணி. அவளுக்கு முடியாதபோது மேக்கப் அக்கா. இரண்டு பேரும் கிடைக்காவிட்டால், ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் உதவி இயக்குநர்.

முகம் தெரியாத வரைக்கும் எல்லாரும் பேய்தான் என்பான் அண்ணன்.

கடைசி நாள். மதியத்துக்கு மேல் சீட்டாட்டக் காட்சி. ரப்பர் தன் கூட்டாளிகள் நாலு பேரோடு மேஜையில் சீட்டு விளையாடுகிறான். ரப்பர் அண்ணனுடைய கல்லூரி சிநேகிதன், செல்போன் கடையில் வேலை. முகத்தை எப்படி வேண்டுமானாலும் இழுப்பான், பெயரும் அதனால்தான். பின்னால் பேய் வந்து நிற்கும். இவன் திரும்பிப் பார்க்காமல், பெண்டாட்டி என்று நினைத்துத் தண்ணீர் கேட்பான். அது அசையாது. எழுந்து பளார் பளார் என்று அறைவான். கூட்டாளிகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். காட்சி அவ்வளவுதான்.

கை முகத்தில் படாது. ஒரு சாண் தள்ளிப் போகும். பேயாக நிற்பவர் தலையைச் சிலுப்பினால் போதும். அறை விழும் சத்தத்தை நான் பிறகு ஈரத்துணியை அடித்துச் சேர்ப்பேன்.

வெள்ளை உருவம் வந்து நின்றது. அண்ணன் டேக் சொன்னான். ரப்பர் கையை வீசினான்.

என் ஹெட்போனில் அறை விழுந்தது.

ஈரத்துணிச் சத்தமில்லை. சதை மேல் விழுந்த சத்தம்.

கூட்டாளிகள் சிரித்தார்கள். லைட் பிடித்தவனும் சிரித்தான். அண்ணன் சத்தம் வராமலிருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். ஒலிப்பதிவில் இருக்கிறவர் சிரிக்கக் கூடாது, பழக்கத்தில் நான் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

கட் சொல்லிவிட்டு அண்ணன் இன்னொன்று எடுக்கலாம் என்றான். ரப்பர் உள்ளங்கையைப் பேண்டில் தேய்த்துக்கொண்டே, அண்ணி மேல் நிஜமாகவே பட்டுவிட்டது போலிருக்கிறதே என்று முனகினான். உருவம் பதில் சொல்லவில்லை. அசையவும் இல்லை. நடிப்பில் ஊறிவிட்டாள் என்று அண்ணன் கிண்டலடித்தான்.

இரண்டாவது டேக். மறுபடி அதே சத்தம்.

இந்த முறை தலை சிலுப்பவில்லை. ரப்பரின் கைதான் ஏதோ சுவரில் மோதியதுபோல் நின்றது. சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அதற்கும் கீழே, என் காதுக்குள்...

யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக. நீளமாக. பொறுத்துக்கொள்கிறவர்கள் விடும் மூச்சு.

அப்போது கதவு திறந்தது. மணி மூன்று பத்து. தெரு வெயில் உள்ளே விழுந்தது.

வாசலில் அண்ணி. கையில் டீ பிளாஸ்க்.

"என்ன, நான் இல்லாமலே ஆரம்பிச்சுட்டீங்களா?"

நான் மேக்கப் அக்காவைத் தேடினேன். என் பக்கத்திலேயே இருந்தாள். பவுடர் டப்பா மடியில்.

ஒட்டடைக்குச்சி... கேமராவுக்குப் பின்னால். கிளாப் பலகையோடு.

மேஜைப் பக்கம் திரும்பினேன்.

யாருமில்லை.

ஹெட்போனில் மட்டும் மூச்சு.

கிட்டத்தில்.

இன்னும் கிட்டத்தில்...

கழற்றி எறிந்தேன்.

எங்களிடம் இருந்தது ஒரே கவுன், ஒரே விக். இரண்டும் மாடி அறையில், காலையில் அண்ணி மாட்டிய ஆணியிலேயே தொங்கின. அண்ணி போட்ட மடிப்புகூடக் கலையவில்லை.

அன்று சாயங்காலமே ரப்பர் அண்ணனிடம் கெஞ்சினான். அவன் உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

"மச்சான், அந்த சீனைத் தூக்கிடு. எனக்கு என்னமோ சரியாப் படல."

"படத்துல உருப்படியா இருக்கறதே அது ஒண்ணுதான்டா. அதையும் தூக்கிட்டு நான் போய் பெயிண்ட் கலக்கவா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். மூச்சுச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல சத்தத்தை நம்ம மைக்கா பிடித்தது என்றான். அண்ணி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் அசையவில்லை. காட்சி படத்தில் இருந்தது.

முதல் நாள் மதியக் காட்சிக்கு எல்லோரும் போனோம். கூட்டம் சுமார்தான். நூல் தெரிந்த இடத்தில் யாரோ விசிலடித்தார்கள். பாட்டுக்குப் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சீட்டாட்டக் காட்சி வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. எங்கள் வரிசையில் ஒருவர் முட்டியில் அடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் கண்ணில் தண்ணீர். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் திரையைப் பார்க்கவில்லை. ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையைப் பார்த்தபடி இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டான். படம் முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.

வெளியே வரும்போது எங்கள் முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். படம் மொக்கை, ஆனால் அந்தப் பேய் முடியை விலக்கி நிமிர்ந்து பார்த்ததே, அந்த மேக்கப் மட்டும் பிரமாதம் என்றார்கள்.

மேக்கப் அக்கா என் கையை இறுக்கினாள். படத்தில் எந்த இடத்திலும் நாங்கள் பேயின் முகத்தைக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் ரப்பரின் முகம் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர், சிலருக்குத் திடீரென்று வரும் என்றார். அந்த வாரத்துக்குள் சீட்டாடிய நாலு பேரில் இரண்டு பேருக்கு அப்படியே வந்தது. பிறகு லைட் பிடித்தவனுக்கு. எல்லோருக்கும் இடது பக்கம். ரப்பர் இப்போது செல்போன் கடையின் உள்ளறையில் ரிப்பேர் வேலை பார்க்கிறான். கண்ணாடி இருக்கும் பக்கம் வருவதில்லை.

படம் எடுத்த வீட்டின் சாவி இன்னும் எங்களிடமே இருந்தது. அதை எதிர்வீட்டில் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார் சொந்தக்காரர். நான்தான் போனேன். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, படம் எப்படி என்று விசாரித்தார். சிரிப்புப் படம் என்றேன். அவர் கையிலிருந்த சட்டையை உதறாமல் அப்படியே நின்றார்.

"அந்த வீட்டுல எப்பவும் சிரிப்புதான்மா. முன்னாடி குடியிருந்தவரோட கூட்டாளிங்க வந்து சீட்டாடுவாங்க. தெரு முனைவரைக்கும் கேக்கும். கலகலப்பான குடும்பம்னு நாங்க பொறாமைப்பட்டிருக்கோம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டுப் பெண் செத்த அன்றுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் முதல்முறையாக உள்ளே போயிருக்கிறார்கள். உடலைக் குளிப்பாட்டும்போது பார்த்தால், இடது கன்னத்து எலும்பு உடைந்து கூடி, மறுபடி உடைந்து கூடியிருந்ததாம். தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால் கூட்டாளிகள் எதிரிலேயே புருஷன் அறைவான். வெளியே கேட்டது அவர்கள் சிரிப்பு.

அந்த ஆண்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். புருஷன் உயிரோடு இல்லை என்றார். மற்றவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாராம். வாய் கோணிப்போய்ப் பல வருஷம் ஆகிறதாம். கஞ்சியைக்கூட ஊட்டித்தான் விட வேண்டுமாம்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அண்ணன் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் இன்னும் நிறைய ஊர்களில் படம் போகிறது, பெயிண்ட் கடைக்குப் பெரிய கும்பிடு என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னான். அண்ணி அவன் எதிரே டம்ளருடன் நின்றாள். டீ அவன் சட்டையில் வழிந்திருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை நிறுத்து அண்ணா என்றேன்.

"போடி லூசு," என்று அண்ணன் சிரித்தான்.

பாதி முகம் மட்டும் சிரித்தது.