முனாப் வீட்டுக் கடல் பக்கச் சுவர்

இரும்புக் கடை முனாபுக்குத் தகரத்தைக் கண்டால் பயம். விற்கிறவருக்கே பயமென்றால் வாங்குகிறவர் பாடு என்ன என்று கேட்பீர்கள். வாங்குகிறவரிடம் அவர் சொல்வதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த கையோடு மட்டக்களப்பிலிருந்து வந்த லொறிக்காரன் ஒருவன் தொடக்கிவிட்ட வினை அது. பறந்து வந்த தகரமொன்று தென்னையை வாழையைப் போலச் சீவிவிட்டதாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு லொறிக்காரன் போய்விட்டான், கதை போகவில்லை. சவரக் கத்தியால் முகம் வழிக்கும்போதெல்லாம் முனாப் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாரி நெருங்கியபோது, துறைமுகத்தைப் பார்த்திருந்த அவருடைய வீட்டின் கடல் பக்கப் பலகைச் சுவர் உப்புக் காற்றில் உக்கி உதிர்ந்தது. ஊர் காத்திருந்தது. முனாப் தன் வீட்டில் எதை அடிக்கிறாரோ அதுதான் ஊருக்கு நல்ல சாமான்.

"பலகையே அடிப்பமா?" என்று மனைவி றுக்கியாவிடம் மெல்லக் கேட்டார்.

"அடிங்க. நாளைக்கே கடையையும் பூட்டுங்க."

"கல்லு?"

"கட்டி முடியிறதுக்குள்ள மாரி வந்திரும்."

"றுக்கியா, தகரம் பறந்தா?"

"பறந்தா வெளியாலதானே பறக்கும்? நாம உள்ளுக்கதானே இருக்கிறம்."

அந்த நியாயத்தில் எங்கோ ஓட்டை இருந்தது. எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தகரமே ஏறியது. ஓர்ஸ் ஹில் மேட்டில் குடியிருந்த சோமசேகரம் மாஸ்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பயமில்லைத்தானே முதலாளி?"

"என்ன பயம் மாஸ்டர்! என்ட மகள் படுக்கிற அறை இது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதன் பொருள் முனாபுக்கே உறைத்தது. மாஸ்டரோ அதே தகரத்தை வாங்கிப் போனார். அவர் பின்னால் அரை ஊரும் வாங்கியது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், புயல் வரலாம் என்றது வானொலி. காற்று எழும்பியது. சுவர் முதலில் முனகியது, பிறகு பல்லை நறநறவென்று கடித்தது. மேல் மூலையில் ஆணிகள் கழன்று தகரம் திறந்து திறந்து மூடியது. திறந்த போதெல்லாம் கடல் தெரிந்தது. மகள் ஸல்ஹா கைதட்டிச் சிரித்தாள்.

முனாப் அவளை வாரி எடுத்தார். "எழும்பு றுக்கியா! கல்லுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவம்!" றுக்கியா பின்னால் வர, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் தலையைப் பொத்தியபடி ஒழுங்கையில் ஓடினார். வருகிற தகரம் கையைக் கண்டு நின்றுவிடும் என்பதுபோல.

பள்ளிக்கூட வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே பாயும் பெட்டியுமாய் அரை ஊர். எல்லாம் அவரிடம் தகரம் வாங்கிய முகங்கள். நடுவில், விரிக்காத குடையை இறுகப் பிடித்தபடி சோமசேகரம் மாஸ்டர்.

"வாங்கோ முதலாளி. நல்ல சாமான் எண்டு சொன்னீங்கள்?"

"ஓம், நல்ல சாமான்தான்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நீங்க ஏன் வந்தனீங்க மாஸ்டர்?"

"உங்கட கதையை நம்பித் தகரம் வாங்கினனான். அதைச் சொல்லேக்க உங்கட முகம் இருந்த இருப்பை நினைச்சுத்தான் இஞ்ச ஓடி வந்தனான்."

முனாப் பிள்ளையை இறக்கவில்லை. "எனக்குப் பயம் மாஸ்டர்," என்றார். "போன வருசத்திலயிருந்தே பயம்."

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். அந்த நேரம் வெளியே ஏதோ ஒன்று சீறிக்கொண்டு போனது. அத்தனை தலைகளும் குனிந்தன. அது யாருடைய வீட்டுச் சுவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கடைச் சாமான் என்பது எல்லோருக்கும் தெரியும்.